காதுக்குள் ஒரு விசில், கையில் ஒரு வயர்லெஸ்

முதலில் ஃப்ரிட்ஜ் மேல்தான் சந்தேகம் வந்தது.

வளைகுடா நாட்டில், ஜெபல் அலி துறைமுகத்துக்குப் பக்கத்தில் நானும் ஓர் அக்காவும் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். அக்காவுக்கு யாழ்ப்பாணம். மாலில் துணிக்கடை வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழுதுபார்ப்பதற்காகக் கட்டடம் முழுக்க ஏசியை நிறுத்தினார்கள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஏசி ஓடாத ஓர் அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. சட்டென்று விழுந்த அந்த அமைதிக்கு நடுவில் ஒரு விசில் சத்தம். மெல்லிசாக, நீளமாக, மூச்சே விடாமல். குக்கர் கூவுவதற்கு முன்னால் ஆவி சீறுமே, அதை நூலாகத் திரித்துக் காதுக்குள் இழுத்துக் கட்டியதுபோல இருந்தது.

"அக்கா, ஃப்ரிட்ஜ் கத்துது பாருங்க."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். விசில் நிற்கவில்லை. வைஃபை பெட்டியைக் கழற்றினேன். சார்ஜர்களை எல்லாம் உருவினேன். கொசுவுக்கு வைத்திருந்த மெஷினையும் விடவில்லை. அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி நான்தான் மிச்சம். என்னையும் ஒருக்கா கழட்டிப் பாரும்" என்றார்.

கடைசியில் இரண்டு காதையும் விரலால் அடைத்துப் பார்த்தேன். விசில் இன்னும் பெரிதாகக் கேட்டது. அப்போதுதான் புரிந்தது, அது அறையில் இல்லை.

பயந்தேனா என்றால், பயந்தேன். அந்த மாதம் எனக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்திருந்தது. அது போய்விடுமோ என்றுதான் பயம். நான் ஒரு பெரிய கிடங்கில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்க்கிறேன். கிடங்கைச் சுற்றிலும் அறுபதுக்கு மேல் கதவுகள். ட்ரெய்லர்கள் பின்பக்கமாக வந்து அந்தக் கதவுகளில் ஒட்டி நின்று சரக்கை இறக்கும், ஏற்றும். எந்த வண்டி எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொல்லும் மேஜைக்கு கண்ட்ரோல் என்று பெயர். அந்த மேஜையில் இதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. அங்கே இருந்தவர் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார் என்று தெரிந்த அன்றே சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். ஒரு நாள் ட்ரையல் தருகிறேன், சரியாகச் செய்தால் மேஜை உனக்கு என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் படி ஏறிய முதல் ஆள் நான். சிவகங்கைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் அப்பா மூட்டை தூக்குகிறார். அம்மா அங்கேயே நெல் காயவைக்கிறார். பஸ் போர்டு படிப்பது, மருந்துச் சீட்டு படிப்பது, தெருவில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் அதைப் படித்துச் சொல்வது எல்லாம் ஏழெட்டு வயதிலிருந்தே என் வேலை. எனக்கு அதில் பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். காலேஜ் முடித்து, சரக்குப் போக்குவரத்தில் ஒரு டிப்ளமோவும் வாங்கி, விமானத்தில் ஏறி வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு வேலையே காதால் கேட்பதுதான் என்று ஒரு மேஜை கிடைக்கப்போகிற நேரத்திலா காதுக்குள் விசில் ஊத வேண்டும்?

கிளினிக்கில் காதுப் பரிசோதனை செய்தவர் மதுரைக்காரப் பெண். என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். கதவைச் சாத்தினார். வெளிச்சத்தம் ஒரு துளிகூட வராத அறை அது. அந்த அறையில்தான் என் விசில் தன் முழு ஆட்டத்தையும் ஆடியது. நான் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "மேடம், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். என் விசில் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டு, அதோடு குழம்பாதபடி விட்டுவிட்டு ஒலிக்கும் சத்தத்தை வைத்துச் சோதித்தார். இடது காதில் மிக உயர்ந்த ஒலிகள் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கின்றன, மற்றபடி நன்றாகக் கேட்கிறது என்றார். டாக்டரும் பார்த்துவிட்டு, ஆபத்தானது ஒன்றும் இல்லை, ஆனால் இதை உடனே நிறுத்த மாத்திரை கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். கிளம்பும்போது மதுரைக்காரப் பெண் என்னை நிறுத்தி விளக்கினார். காது அனுப்பாத சத்தத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறதாம். அமைதியான இடத்தைத் தேடிப் போகாதீங்க, அமைதியில்தான் அது ஜாஸ்தி தெரியும், பக்கத்தில் மெல்லிசா ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும், கிடங்கில் இரைச்சல் அதிகமான இடத்துக்குப் போனால் காதடைப்பான் போட்டுக்கோங்க என்றார். "அது இருக்கான்னு தேடித் தேடிக் கேட்காதீங்க. தேடினா கண்டிப்பா கிடைக்கும்."

வீட்டுக்குத் திரும்பும் மெட்ரோவில் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் மூளை எனக்காகவே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது! பள்ளிக்கூடத்தில் காதின் குறுக்கு வெட்டுத் தோற்றத்தை வரைந்து பாகம் குறித்திருக்கிறேன், பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு விவகாரம் நடக்கும் என்று யாருமே சொன்னதில்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சொன்னேன். மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு, வலது காதில் மட்டும் மாட்டும் ஒற்றை ஹெட்செட் ஒன்றும் தேவைப்பட்டது. அவர் கராச்சிக்காரர், உருது பேசுவார். கிடங்கில் எல்லோருக்கும் பொதுவான மொழி இந்திதான். நான் அதை வேலைக்கு வந்த பிறகு காதால் பொறுக்கியது. சத்தத்துக்கு இந்தியில் ஆவாஸ். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குரலுக்கும் அதே சொல்தான் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"பாய், மேரே கான் மே ஆவாஸ் ஆத்தி ஹை" என்றேன். என் காதில் சத்தம் கேட்கிறது என்று சொன்னதாக நினைப்பு.

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "கிஸ்கி ஆவாஸ்?"

அது யாருடைய குரல் என்ற கேள்வி. எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு, "பத்தா நஹி பாய், சோபீஸ் கண்டா" என்றேன். தெரியவில்லை, இருபத்துநாலு மணி நேரமும்.

"க்யா போல்த்தி ஹை?"

என்ன சொல்கிறது என்று கேட்டார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பதாக எனக்குத் தோன்றியது. "பயப்படாதே, கூடவே வாழப் பழகிக்கோ" என்றேன், சிரித்த முகத்தோடு.

மனுஷன் வாய்க்குள் ஏதோ ஓதினார். என் கையிலிருந்த வயர்லெஸ்ஸை மெதுவாக, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். "பேட்டி, நீ ரெண்டு நாள் ரெஸ்ட் எடு. ட்ரையல் அப்புறம் பாக்கலாம்." பேட்டி என்றால் மகள்.

மதியச் சாப்பாட்டுக்குள் கிடங்கு முழுக்கப் பரவிவிட்டது. டெஸ்பாட்ச் பொண்ணோடு யாரோ பேசுகிறார்களாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர், நெல்லைக்காரர், வண்டியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அவரும் ரூம்காரர்களும் மாதாமாதம் சேர்ந்து குலுக்கல் டிக்கெட் வாங்குவார்கள்.

"மேடம், காதுல யாரோ பேசுதாமே? டிக்கெட்டு நம்பர் ஏதும் சொல்லுதா?"

"அண்ணா, அது விசில்ணா. பேசவெல்லாம் செய்யாது."

"சரி சரி, சொல்லுச்சுன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. அவனுவகிட்ட சொல்லிராதிய."

சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு சொல்லால் என் மேஜை போகப் பார்க்கிறது. அன்று மாலை போனில் ஓர் ஆப் இறக்கினேன். ஒலியை உயர்த்தித் தாழ்த்திக் கேட்கலாம். என் விசிலோடு சரியாகப் பொருந்தும் இடம் வரும்வரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பொருந்திய நொடியில் துள்ளிக் குதித்தேன். உள்ளே மட்டும் இருந்த ஒன்றை முதல்முறையாக வெளியே வைத்துக் கேட்கிறேன்! "அக்கா, இந்தாங்க, இதுதான் அது!" என்று அவர் காதில் வைத்தேன்.

"ஐயோ, விசரி, எடு அதை!" என்று தலையணையால் அடித்தார். விசரி என்றால் அவர் ஊரில் பைத்தியக்காரி.

காலையில் அதே போனை சூப்பர்வைசர் காதில் வைத்தேன். "பாய், இதுதான் ஆவாஸ். ஆள் இல்லை, சீட்டி." சீட்டி என்றால் விசில். இந்த முறை அந்தச் சொல்லை முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்தார். "தௌபா! இதை வெச்சுக்கிட்டா நீ வேலை செய்யுற?" பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். நேற்று அவர் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன் என்பதெல்லாம் அவர் திருப்பிச் சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது. ட்ரையல் திரும்பக் கிடைத்தது, கூடவே ஒற்றைக் காது ஹெட்செட்டும். ஆனால் சிரிப்பு அடங்கியதும் விரலை நீட்டிச் சொன்னார்: ரம்ஜான் நெருங்குகிறது, வண்டி குவியும் நேரம், ஒரே ஒரு வண்டி தப்பான கதவுக்குப் போனாலும் கலாஸ், கதை முடிந்தது, வேறு ஆளைப் போட்டுவிடுவேன்.

அந்த ஒரு வாரமும் என் அறை ஒரு சோதனைக்கூடம். தூங்கும்போது மழைச் சத்தம் வைத்துப் பார்த்தேன். அக்கா எழுந்து எழுந்து பாத்ரூம் போனார். கடல் அலை வைத்தேன். அலைக்கும் அலைக்கும் இடையில் விசில் எட்டிப் பார்த்தது. கடைசியில் கைக்கடக்கமான ஒரு சின்ன மேஜை மின்விசிறி வேலை செய்தது. அதன் மெல்லிய உறுமலை இடது பக்கம் வைத்தால் விசில் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. முழுதாக மறையாது. கூட்டத்தில் நிற்கும் தெரியாத ஆள்போல ஆகிவிடும். ஒரு நாள் மெட்ரோவில் ஏறி, இறங்கி, படியேறி வீட்டு வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் உறைத்தது, இவ்வளவு தூரமும் நான் அதைக் கேட்கவே இல்லை. உறைத்ததும் கேட்க ஆரம்பித்துவிட்டது. பரவாயில்லை! ஒரு தடவை முடிந்தது என்றால் இன்னொரு தடவையும் முடியும்.

விசிலைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று இருந்தது. பழகுவதற்காகக் கண்ட்ரோலில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். எங்கள் கிடங்கில் யார் எதைச் சொன்னாலும் பதில் "அச்சா". கேட்டாலும் அச்சா, கேட்காவிட்டாலும் அச்சா, பாதிதான் புரிந்தாலும் அச்சா, அச்சா. அதில் நானும் கைதேர்ந்தவள். இதுவரை பாதி கேட்டதை ஊகத்தால் நிரப்பிச் சமாளித்திருக்கிறேன். எல்லோருக்கும் படித்துச் சொல்பவளாகவே வளர்ந்துவிட்டேன். "என்ன சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்பது நாக்கில் வரவே வராது.

அதோடு இந்தி எண்கள். தமிழில் நாற்பத்தொன்பது என்றால் நாற்பதும் ஒன்பதும் அதற்குள்ளேயே இருக்கும். இந்தியில் நாற்பத்தொன்பது உஞ்சாஸ், ஐம்பத்தொன்பது உன்சட். ஐம்பதுக்கு ஒன்று குறைவு, அறுபதுக்கு ஒன்று குறைவு என்று கணக்கு. நல்ல காதுள்ள தமிழனுக்கே தடுமாறும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஸ், ச, ட் என்ற கூர்மையான ஒலிகளில்தான். என் விசில் கூடாரம் போட்டிருப்பதும் சரியாக அந்த இடத்தில்.

ட்ரையலுக்கு முந்தின நாள் அக்காவிடம் புலம்பினேன். "கேக்கலைன்னா என்னக்கா பண்றது?"

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "கேக்கேல்லையெண்டா கேளன். வாய் என்னத்துக்குக் கிடக்கு?"

கத்தி பலகையில் தட்டும் சத்தம் தொடர்ந்தது. நான் அப்படியே நின்றேன். காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழுக்குப் பரிசு வாங்கியவள் நான். இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது!

ட்ரையல் நாள் வெயில் கண்ணைக் கூசவைத்தது. வெளியே ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. நான் மேஜையில் உட்கார்ந்து, இடது பக்கம் மின்விசிறியை வைத்து, வலது காதில் ஹெட்செட்டை மாட்டினேன். சூப்பர்வைசர் எனக்குப் பின்னால் கைகட்டி நின்றார். முதல் ஒரு மணி நேரம் பறந்தது. வண்டி வருகிறது, கதவைச் சொல்கிறேன், நகர்கிறது. கை, வாய், கண் மூன்றும் ஒரே தாளத்தில் ஓடின. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

அப்போது ஒரு ரீஃபர் வந்தது. குளிரூட்டிய கன்டெய்னர், உள்ளே உறைந்த கோழி. அதற்குக் காலியாக இருந்தவை இரண்டே கதவுகள், நாற்பத்தொன்பதும் ஐம்பத்தொன்பதும். இரண்டுக்கும் பின்னால் ஃப்ரீசர் அறைகள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து, சரக்கைச் சரிபார்க்கும் செக்கரின் குரல், பெரும் இரைச்சலுக்கு நடுவில்: "கண்ட்ரோல், உன்... கா ஃப்ரீசர் கராப். உதர் மத் பேஜோ." ஏதோ ஒரு கதவின் ஃப்ரீசர் கெட்டுவிட்டது, அங்கே அனுப்பாதே. எது?

"அச்சா" என்ற சொல் என் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ட்ரெய்லர் என்ஜினை உறுமிக்கொண்டு காத்திருக்கிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஊகித்துவிடலாம்.

பொத்தானை அழுத்தினேன். "ஃபிர் ஸே போலோ." திரும்பச் சொல்.

சொன்னார். அதே குழப்பம்.

"ஃபிர் ஸே."

வயர்லெஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். "மேடம் கே கான் மே ஆவாஸ் ஆ ரஹி ஹை!" மேடத்தின் காதில் யாரோ பேசுகிறார்களாம். பின்னால் சூப்பர்வைசர் கால் மாற்றி நிற்பது கேட்டது. என் முகம் சூடானது. ஒரு யோசனை, எங்கிருந்து வந்ததென்று தெரியாது, அப்படியே வாயில் வந்தது.

"நம்பரைத் தனித்தனியா சொல்லுங்க. சார்-நௌவா, பாஞ்ச்-நௌவா?" நாலு-ஒன்பதா, அஞ்சு-ஒன்பதா.

செக்கர் நிறுத்திச் சொன்னார்: "பாஞ்ச்... நௌ. பாஞ்ச்-நௌ கராப்."

"பாஞ்ச்-நௌ கெட்டுப்போச்சு. ரீஃபர், சார்-நௌ போங்க. நான் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க."

பிரேக் சீறும் சத்தம், பிறகு ரீஃபர் டிரைவரின் குரல்: "சார்-நௌ, மேடம். உஞ்சாஸ் கராப்னு தப்பாக் கேட்டு பாஞ்ச்-நௌவுக்குத் திருப்பிட்டேன். ரிவர்ஸ் எடுக்குறேன்."

அடுத்து நெல்லை அண்ணனின் குரல், யாரும் கேட்காமலேயே: "எனக்கும் உஞ்சாஸ்னுதான் கேட்டுச்சு மேடம். அங்க இருக்க சரக்கு பாலெட்டெல்லாம் எடுக்கக் கிளம்பிட்டேன்."

நல்ல காதுகள்! விசில் இல்லாத, முழுசான, நல்ல காதுகள்! அவர்களுக்கும் தப்பாகத்தான் கேட்டிருக்கிறது. திருப்பிக் கேட்காமலேயே கிளம்பியிருக்கிறார்கள். எனக்கு நாற்காலியைச் சுழற்றிவிட வேண்டும் போலிருந்தது. அதற்கு நேரம் இல்லை, அடுத்த வண்டி கூப்பிட்டது. அன்று முழுவதும் எண்களைத் தனித்தனியாகவே சொன்னேன், ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லவைத்தேன். ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். "என்ன மேடம், எல்கேஜி பாடமா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, ஹோம்வொர்க்கும் உண்டு" என்றேன். மாலை நெருங்கும்போது நான் கேட்பதற்கு முன்னாலேயே திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

ஷிஃப்ட் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியபோது விசில் உரக்கக் கேட்டது, நாள் முழுக்க உழைத்த களைப்பில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே. அதை அதன்பாட்டில் விட்டேன். சூப்பர்வைசர் இன்னமும் கைகட்டிதான் நின்றார்.

"ஏக் ஏக் நம்பர்..." ஒவ்வோர் எண்ணாக என்று முணுமுணுத்துத் தாடியைத் தடவினார். "இதை யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லை பாய். எனக்குக் கேக்கலை. அதான்."

"நாளையிலிருந்து எல்லா ஷிஃப்டும் இப்படித்தான்." கதவுவரை போனவர் திரும்பினார். "மேஜை உன்னோடதுதான் பேட்டி. அந்த ஃபேனை மட்டும் என் பேப்பர் பறக்காத மாதிரி வை."

கட்டடத்துக்கு வெளியே வந்ததும் முதல் வேலையாக அப்பாவுக்குப் போன் போட்டேன். அரிசி ஆலை இரைச்சலுக்கு மேலே அவர் கத்தினார்.

"என்னத்தா, சாப்பிட்டியா?"

"அப்பா, வேலை கெடச்சிருச்சு. இனிமே நான் சொன்னாத்தான் லாரி நகரும்."

"எத்தன லாரி?"

"எல்லா லாரியும்ப்பா."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ திரும்பி, "ஏய், எம்மக சொன்னாத்தான் அங்கன லாரியே நகருமாம்டா!" என்று கூவுவது கேட்டது. பிறகு அம்மா போனைப் பிடுங்கினார், முதல் முதலில் கேட்டது நான் உட்காரும் நாற்காலி மெத்தையா, இரும்பா என்றுதான்.

அதை நான் மறுநாள் காலைதான் சரியாகப் பார்த்தேன். மெத்தைதான். முன்னால் இருந்தவர் நெடுநெடுவென்று உயரம். முந்தின நாள் நான் அவர் உயரத்துக்கே கால் தொங்க உட்கார்ந்திருந்திருக்கிறேன், பதற்றத்தில் தெரியவில்லை. அடியில் கைவிட்டுத் துழாவி நெம்புகோலை அழுத்தினேன். நாற்காலி புஸ்ஸென்று இறங்க, என் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. வெளியே முதல் ட்ரெய்லர் ஹாரன் அடித்தது.

"கண்ட்ரோல் பேசுறேன். சொல்லுங்க" என்றேன்.